தளம் ஏன் தாழ்கிறது? ஊவா மலைச்சரிவின் மண்ணும் மழையும்

வீடு கட்டி முடித்த அன்பர்களைச் சந்திக்கும்போதெல்லாம் நம் செவியில் விழும் குறை ஒன்றுண்டு. "சீமெந்தில் குறை வைக்கவில்லை, மேசனும் கைதேர்ந்தவர்தான், ஆயினும் இரண்டு மழைக்காலம் கழிவதற்குள் கூடத்தின் ஒரு மூலை கீழே இறங்கிவிட்டது" என்பதே அக்குறை. லயத்துக் காம்பராவில் பிறந்து, இக்கல்லூரியில் எழுத்தறிந்து, 7 பேர்ச்சஸ் காணியில் தமக்கென ஒரு கூரையை எழுப்பிய பழைய மாணவர் பலருக்கு அந்தத் தளம் பல்லாண்டுச் சேமிப்பும் கடனும் சேர்ந்து உறைந்த பொருளாகும். ஆதலின், விழா மலரில் தரையைப் பற்றிப் பேசுவது தகுமோ என்ற ஐயம் நமக்கில்லை.

முதற்கண் ஒன்றைத் தெளிதல் வேண்டும். கொங்கிறீற்று தானாகத் தாழ்வதில்லை. அதனைத் தாங்கும் மண் விலகுகிறது. 10 அடிக்கு 12 அடி அளவான அறையில் 4 அங்குலத் தடிப்பில் இட்ட தளத்தின் எடை ஏறக்குறைய 2,700 கிலோகிராம். மண் எங்கும் ஒரே சீராகத் தாங்கும்வரை இச்சுமை பெரிதன்று. கொங்கிறீற்று அமுக்கத்தைப் பெரிதும் தாங்கும். இழுவையை அதில் பத்திலொரு பங்களவே தாங்கும். அடியில் ஓரிடத்தில் மண் கரைந்து வெற்றிடம் உண்டானால் தளம் பாலம்போல் அதன்மேல் நிற்கும், நின்று வளையும், வளைந்தபின் அடிப்பக்கம் இழுபட்டு வெடிக்கும். வெடிப்பை நாம் காணும் நாள் நோயின் முதல் நாளன்று.

நம் பாட்டிமார் வாழ்ந்த லயங்களில் சாணமிட்டு மெழுகிய மண்தரை இருந்தது. அது தாழ்ந்தால் உடனே கண்ணுக்குத் தெரியும். ஒரு கூடை மண்ணைக் கொட்டித் தட்டி மெழுகிவிடுவர். அத்தரையைப் புகழ்வது நம் நோக்கமன்று. அதன் ஈரமும் புழுதியும் தந்த நோய்களை நாம் மறக்கவில்லை. ஆனால் மண்தரை தன் குறையை ஒளிக்கவில்லை. சீமெந்துத் தளமோ பல மாதம் ஒளித்து வைத்து ஒரே நாளில் சொல்கிறது.

இனி, நம் மண்ணின் இயல்பை நோக்குவோம். 2,036 மீற்றர் உயர்ந்த நமுனுகுல மலையின் பக்கத்தே, பதுளையை நோக்கி இறங்கும் சரிவுகளிலே ஸ்பிரிங்வெளி அமைந்துள்ளது. அடியில் இருப்பவை மிகத் தொன்மையான உருமாறிய பாறைகள். நாம் பொதுவாகக் கருங்கல் என்று சொல்லும் நைஸ் பாறையோடு குவாட்சைற்றும், இடையிடையே படிகச் சுண்ணாம்புக்கல்லும் ஊவாவில் உண்டு. வெப்பமும் ஈரமும் நெடுங்காலம் வேலை செய்து இப்பாறைகளை ஆழம்வரை உக்கச் செய்துள்ளன. புதிதாக வெட்டிய மண்சுவரில் பாறையின் வரிகளெல்லாம் அப்படியே தெரியும். கையிலெடுத்துப் பிசைந்தால் மாவாகும். மைக்கா மினுங்கும் இவ்வகை மண் வெட்டுமுகத்தில் உறுதியாக நிற்கும். தோண்டிப் பெயர்த்து வேறிடத்தில் கொட்டினால் அவ்வுறுதியை இழந்துவிடும். இது தவிர, பண்டைச் சரிவுகளால் மேலிருந்து வந்து படிந்த கலவை மண்ணும் பல இடங்களில் உண்டு. அதனுள் யானையளவு பாறையும் கைப்பிடிக் களியும் அருகருகே கிடக்கும். அதன்மேல் கட்டிய வீட்டின் ஒரு மூலை பாறையில் ஊன்றி நிற்க, மறு மூலை களியில் அமிழ்வது வியப்பன்று.

ஈண்டு ஒரு வேறுபாட்டைக் குறித்தல் நலம். மன்னாரின் முருங்கன் பகுதியிலும், தமிழ்நாட்டில் கோவில்பட்டிக் கரிசல் நிலத்திலும் உள்ள களிமண் நீரை உண்டு வீங்கும், வெயிலில் சுருங்கும். அங்கே தளம் மேலெழும்பி உடைவதும் உண்டு. நம் செம்மண்ணின் களி பெரும்பாலும் கயோலினைற்று வகையைச் சேர்ந்தது, அவ்வளவு வீங்குவதில்லை. ஆகவே கரிசலுக்குச் சொன்ன மருந்தை நூலில் படித்து இங்கே இடுவது வீண் செலவு. நம் நோய் வீக்கமன்று. அமிழ்வும் அரிப்பும் நழுவலும் ஆகும்.

காலநிலையோ இந்நோய்க்கென்றே வகுத்ததுபோல் உள்ளது. தென்மேல் பருவக்காற்று மத்திய மலைத்தொடரின் மேற்குப் பக்கத்தில் மழையைக் கொட்டிவிட்டு, வறண்ட கச்சானாக ஊவாவுக்குள் இறங்குகிறது. ஜூலை முதல் செப்டெம்பர் வரை வீசும் அக்காற்றே ஊவாத் தேயிலைக்கு உலகப் புகழ் பெற்ற மணத்தைத் தருவது. தேயிலைக்கு மணம் தரும் காற்று முற்றத்து மண்ணை உலர்த்தி வெடிக்கவும் செய்கிறது. ஒக்டோபரில் இடைப்பருவ மழை இடியோடு வந்து அவ்வெடிப்புகள் வழியே நேரே அடிமண்ணுக்கு இறங்கும். அதன்பின் வடகீழ்ப் பருவக்காற்று, தை மாதம் வரை நிலம் காய இடம் கொடாது.

மழையின் அளவைக் கணக்கிட்டுப் பார்ப்போம். 30 அடி நீளமும் 20 அடி அகலமும் உள்ள கூரைமேல் ஒரு நாளில் 100 மில்லிமீற்றர் மழை பெய்யின், அக்கூரையிலிருந்து வழியும் நீர் 5,500 லீற்றருக்கு மேலாகும். பீலி இல்லாத வீட்டில் இவ்வளவும் சுவரடியிலேயே விழுகிறது. தேயிலை மலையில் உயரமறிந்து, மிகச் சிறு சரிவு கொடுத்து, மண் அரிபடாமல் நீரைக் கொண்டுசெல்லும் கான்களை வெட்டியவர்கள் நம் முன்னோரே. துரையின் செடிக்குக் கான் வெட்டிய கைகள் தம் வீட்டுச் சுவருக்கு வெட்ட மறந்தது ஏன் என்று நாம் பலமுறை எண்ணியதுண்டு. இடமும் பணமும் போதாமை ஒரு காரணம். தளத்தின் பகை மேலே நடப்பவரின் பாரமே என்ற தவறான எண்ணம் மற்றொன்று.

நிற்க. சரிவில் வீடு கட்டும் முறையே முதற் குற்றவாளி எனலாம். மேற்பக்கத்தை வெட்டி, வெட்டிய மண்ணைக் கீழ்ப்பக்கம் தள்ளிச் சமதளம் ஆக்குகிறோம். வீட்டின் பின்பாதி கன்னிமண்ணிலும் முன்பாதி நிரப்பிய மண்ணிலும் அமைகிறது. இஸ்தோப்பும் கூடமும் தாழ்ந்து, சமையலறை அசையாமல் நிற்பதன் இரகசியம் இதுவே. வெடிப்பும் பெரும்பாலும் வெட்டும் நிரப்பும் சந்திக்கும் கோட்டிலேயே ஓடும். நிரப்பு மண்ணை 6 அங்குலப் படைகளாக இட்டு, ஒவ்வொன்றையும் திமிசுக் கட்டையால் இடித்து இறுக்க வேண்டும். ஈரம் மிகக் குறைந்தால் மண் இறுகாது, மிகுந்தால் சேறாகும். இறுகுவதற்கு ஏற்ற ஈரம் ஒன்று உண்டென்பதை 1933 இல் கலிபோர்னியாவைச் சேர்ந்த பொறியியலாளர் புரொக்டர் முறைப்படுத்திக் காட்டினார். ஆய்வுகூடம் இல்லாதார் ஒரு பிடி மண்ணை இறுகப் பிடித்துப் பார்க்கலாம்: கையில் நீர் ஒட்டாமல் உருண்டையாகி, விரலால் அழுத்தியதும் இரண்டு மூன்று துண்டாக உடைந்தால் ஈரம் ஏறத்தாழச் சரி. நாம் கண்ட வீடுகள் பலவற்றில் நான்கடி நிரப்பு ஒரே நாளில் கொட்டப்பட்டு, மேற்பரப்பு மட்டும் தட்டப்பட்டிருந்தது.

தாழ்ந்த தளத்தை மட்டப்படுத்த வந்த மேசன் என்ன செய்கிறார்? இரசமட்டத்தை வைத்துப் பார்த்து, தாழ்ந்த பக்கத்தில் இரண்டு அங்குலம் சாந்து போடுகிறார். கண்ணுக்கு மட்டம் வந்துவிடும். ஆனால் சதுர மீற்றருக்கு 100 கிலோகிராமுக்கு மேற்பட்ட புதுச்சுமையைத் தளர்ந்த பக்கத்திலேயே ஏற்றிவிட்டோம். அடுத்த மாரியில் அது இன்னும் தாழும். மேலைநாடுகளில் தளத்தில் துளையிட்டு, மண்ணும் சீமெந்தும் நீரும் கலந்த குழம்பை அழுத்தத்துடன் செலுத்தித் தளத்தை உயர்த்துவர். இக்காலத்தில் விரிந்து இறுகும் இரசாயன நுரையையும் பயன்படுத்துவர். நம் ஊரில் பெரும்பாலும் உடைத்து, அடிமண்ணை இறுக்கி, கம்பிவலையிட்டு மீண்டும் போடுவதே இயலக்கூடியது. எம்முறையாயினும் நீரின் வழியை முதலில் மாற்றாவிடில் பயனில்லை. பைசா நகரத்துச் சாய்ந்த கோபுரத்தைக் காக்க முனைந்தோர், தாழ்ந்த பக்கத்தைத் தூக்காமல், உயர்ந்து நின்ற வடபக்கத்தின் அடியிலிருந்து சிறிது சிறிதாக மண்ணை அகற்றிச் சாய்வைக் குறைத்தனர். 2001 இல் கோபுரம் மீண்டும் திறக்கப்பட்டது. மட்டப்படுத்தும் வேலை மண்ணோடு செய்யும் வேலை என்பதற்கு இதனினும் நல்ல சான்று நாம் அறியோம்.

நீர் மிகுவதால் மட்டுமன்று, நீர் அகல்வதாலும் தரை தாழும். மண்ணின் நுண்துளைகளில் நிறைந்த நீர் சுமையின் ஒரு பகுதியைத் தாங்குகிறது. அந்நீர் வடிந்தால் முழுச்சுமையும் மண்துகள்களின்மேல் இறங்க, மண் நெருங்கித் தாழ்கிறது. உமா ஓயாத் திட்டத்துக்காகச் சுரங்கம் குடைந்தபோது 2014 இன் இறுதியிலும், மீண்டும் 2017 இலும் நிலத்தடி நீர் பெருமளவில் சுரங்கத்துள் பாய்ந்தது. பண்டாரவளைப் பகுதியில் கிணறுகள் வற்றின. ஆயிரக்கணக்கான வீடுகளின் சுவரும் தளமும் வெடித்தன. 2024 ஏப்பிரலில் அத்திட்டம் திறந்து வைக்கப்பட்டது. நல்ல மேசனும் நல்ல சீமெந்தும் அவ்வீடுகளைக் காத்திருக்க முடியாது.

இவற்றையெல்லாம் நாம் விரித்ததற்கு முதன்மையான காரணம் வேறொன்று. தளம் தாழ்தல் ஒரு நோய்; மலையே நகர்தல் மற்றொரு நோய். இரண்டும் தரையில் ஒரே வகையான வெடிப்பாகவே முதலில் தோன்றும். 2014 ஒக்டோபர் 29 ஆம் நாள் காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுள் மறைந்தன. அவ்விடம் ஆபத்தானது என்று 2005 இலும் 2011 இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மழையில் பதுளை மாவட்டம் பட்டதை வாசகர் அறிவர். எனவே வெடிப்பைச் சாந்திட்டு மூடுமுன் வீட்டைவிட்டு வெளியே வந்து மேட்டுப் பக்கம் ஏறிப் பார்க்க வேண்டும். வெடிப்பு நிரப்புமண்ணின் எல்லையோடு நின்றால் அது தளத்தின் குறையாகலாம். வீட்டுக்கு மேலே நிலத்தில் பிறைவடிவான வெடிப்பு இருந்தாலோ, மரங்களும் கம்பங்களும் சாய்ந்திருந்தாலோ, கதவுகள் திடீரென இறுகினாலோ, புதிய ஊற்றுக் கிளம்பினாலோ, பழைய ஊற்று வற்றினாலோ கலங்கினாலோ, அது மேசனுக்குரிய வேலையன்று. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்கும் கிராம உத்தியோகத்தருக்கும் அன்றே அறிவிக்க வேண்டிய செய்தி. மழை கடுமையாயின் அறிவிப்புக்கு மறுமொழி வரும்வரை அங்கே தங்குதலும் ஆகாது.

மாணவர் செய்யத்தக்க சிறு சோதனை இரண்டு உண்டு. வெடிப்புக்குக் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டொன்றை இருமுனையிலும் சாந்தால் ஒட்டி, அருகே பென்சிலால் திகதி எழுதுக. கண்ணாடி உடைந்தால் வெடிப்பு இன்னும் நகர்கிறது. நேர்ச்சுவருள்ள தகரப் பேணியொன்றை வெட்டவெளியில் வைத்து, நாள்தோறும் ஒரே நேரத்தில் உள்ளே நிற்கும் நீரின் ஆழத்தை அடிமட்டத்தால் மில்லிமீற்றரில் அளந்து எழுதுக. மேற்குறித்த நிறுவனம் பல ஆண்டுகளாகக் கைக்கொண்டுவந்த அளவுகளின்படி, 24 மணி நேரத்தில் 75 ஆயின் விழிப்பு. 100 ஆயின் எச்சரிக்கை. 150 ஆயினும், ஒரே மணி நேரத்தில் 75 ஆயினும் வெளியேற்றம். பேணியை இரவிலும் பார்க்க வசதியாக வாசலிலிருந்து வெகுதூரம் போகாமல், ஆனால் கூரைநீர் தெறிக்காத இடத்தில் வைக்க வேண்டும்.