காரணீயப் பெருக்கமும் ஏலக்காய் மூட்டைகளும்

கணக்கு என்றாலே நம்மில் பலருக்குக் கசப்பு. சூத்திரத்தை மனப்பாடம் செய்து தேர்வில் கரையேறினால் போதும் என்று எண்ணுகிறோம். நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். எட்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி அந்த எண்ணத்தை மாற்றினாள்.

போடிநாயக்கனூரில் எங்கள் தெருவில் இருப்பவள். அவள் தாய் விடியுமுன் ஜீப்பேறி, போடிமெட்டு வழியாக ஏலத்தோட்ட வேலைக்குச் செல்பவர். உதவித்தொகைத் தேர்வு எழுதவிருந்த அவளுக்கு, மாலை வேளைகளில் எங்கள் வீட்டுத் திண்ணையில் கணக்குச் சொல்லிக் கொடுத்தேன்.

மூன்று ஏலக்காய் மூட்டைகளை வரிசையாக எத்தனை விதமாக அடுக்கலாம்? முதலிடத்துக்கு மூன்றில் ஒன்று. அடுத்த இடத்துக்கு மீதி இரண்டில் ஒன்று. கடைசி இடத்துக்கு எஞ்சியது. ஆக, 3 × 2 × 1 = 6. இதை 3! என எழுதி, மூன்றின் காரணீயப் பெருக்கம் என்கிறோம். இக்குறியீட்டை 1808-இல் வழங்கியவர் கிறிஸ்டியான் கிராம்ப். ஆனால் பாஸ்கரர் 1150-இல் இயற்றிய லீலாவதியிலேயே, சிவபெருமானின் பத்துக் கைகளில் பத்துப் பொருள்களை மாற்றி மாற்றி வைக்கும் கணக்கு உண்டு. விடை 10!, அதாவது 36,28,800. நாளுக்கு ஒரு விதமாக வைத்தால் முடிக்க 9,900 ஆண்டுகளுக்கு மேலாகும்!

6! ÷ 3! என்ன என்றேன். 2! என்றாள். பலரும் செய்யும் பிழை இது. விரித்து எழுதினால் 3 × 2 × 1 அடிபட்டு, 6 × 5 × 4 = 120 எஞ்சும். உடனே புரிந்துகொண்டாள்.

பிறகுதான் வந்தது வினை. 0! = 1 என்று எழுதினேன்.

"ஒண்ணுமே இல்லேன்னா பூஜ்யம்தானேண்ணே வரணும்?"

"அது விதி. மனப்பாடம் பண்ணிக்கோ."

அவள் முகம் வாடியது. "எனக்குக் கணக்கு வராதுண்ணே" என்று நோட்டை மூடிவிட்டாள். எனக்கோ அன்றிரவு உறக்கம் வரவில்லை. விடை எனக்கும் தெரியாது என்பதே உண்மை.

மறுநாள் படிப்படியாக இறங்கினோம். 4! = 24. அதை 4-ஆல் வகுத்தால் 3! = 6. அதை 3-ஆல் வகுத்தால் 2! = 2. அதை 2-ஆல் வகுத்தால் 1! = 1. அதை 1-ஆல் வகுத்தால்?

"ஒண்ணுதான்!" என்றவள், சற்று யோசித்துச் சொன்னாள்: "மூட்டையே இல்லேன்னா, இடத்தைச் சும்மா விட்டுர்றது ஒரே விதந்தானேண்ணே!"

நாளை ஆசிரியராகவிருக்கும் நண்பர்களே! கணக்கு வராமலிருந்தது அவளுக்கன்று. விளக்கம் வராமலிருந்தது எனக்கே. "ஏன்" என்று கேட்கும் பிள்ளைக்கு "விதி" என்று விடை சொல்லாதிருப்போம்.