மக்கு இல்லை... கண்தான் மங்கல்!

சில வருடங்களுக்கு முன் பாம்பன் பக்கத்து மீனவக் கிராமத்திலிருந்து ஒரு தாய், தன் எட்டு வயது மகனை என்னிடம் கூட்டி வந்தார்.

"படிப்பே ஏற மாட்டேங்குது ஐயா. போர்டுல இருக்கறதைத் தப்புத் தப்பா எழுதிட்டு வர்றான். மக்குன்னு சொல்றாங்க. ஞாபக சக்திக்கு லேகியம் ஏதாச்சும் குடுங்க."

சுவரில் தொங்கிய காலண்டரைக் காட்டி, "தேதி என்ன தம்பி?" என்றேன். பையன் கண்ணை இடுக்கிக்கொண்டு இரண்டடி முன்னால் வந்தான். விஷயம் புரிந்துவிட்டது! அவனுக்குத் தேவை லேகியம் அல்ல, கண்ணாடி.

வேடிக்கை என்ன தெரியுமா? 'ஐம்புலன்கள்' பாடத்தை அவன் ஓர் எழுத்து விடாமல் ஒப்பித்தான்! கண் பார்க்கும், காது கேட்கும் என்று படித்தவனுக்கு, தன் கண் சரியாகப் பார்க்கவில்லை என்பது தெரியவில்லை. பிறந்ததிலிருந்து அப்படியே பார்த்துப் பழகிய குழந்தை வேறெப்படிச் சொல்லும்?

மெய், வாய், கண், மூக்கு, செவி என்ற ஐம்பொறிகளை சித்த மருத்துவம் 96 தத்துவங்களுக்குள் வைத்து எண்ணுகிறது. ஆனால் எண்ணினால் மட்டும் போதாது. செய்து பார்க்க வேண்டும். 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி மாநிலம் முழுக்கப் பரவிய செயல்வழிக் கற்றலின் அடிப்படையும் இதுதான். ஆசிரியர்களே, பெற்றோர்களே, இதோ ஐந்து விளையாட்டுகள். கடற்கரையிலும் அடுப்பங்கரையிலும் கிடைப்பதே போதும்.

மெய்: துணிப்பையில் சிப்பி, கல் உப்பு, பனை ஓலை, புளியங்கொட்டை போடுங்கள். பார்க்காமல் தடவிப் பெயர் சொல்லட்டும். அடுத்து மூன்று கிண்ணம்: பானைத் தண்ணீர், வெதுவெதுப்பான நீர், சாதாரண நீர். ஒரு கையைப் பானைத் தண்ணீரிலும் மறு கையை வெதுவெதுப்பிலும் ஒரு நிமிடம் வைத்துவிட்டு, இரண்டையும் சாதாரண நீரில் விடச் சொல்லுங்கள். ஒரு கை சூடு என்னும், மறு கை குளிர் என்னும்! தோல் சொல்வது வித்தியாசத்தைத்தான்.

வாய்: கருப்பட்டி, புளி, உப்பு, வெந்தயம், நெல்லிக்காய், துளி மிளகுத்தூள். அறுசுவை தயார். நுனி நாக்கில் இனிப்பு, அடி நாக்கில் கசப்பு என்று படம் போட்டுப் படித்தோமே, அது தவறு. நாக்கில் சுவை மொட்டுகள் உள்ள எல்லாப் பகுதியிலும் எல்லாச் சுவையும் தெரியும். காரம் மட்டும் தனி ரகம். நம்ம ராமநாதபுரம் குண்டு மிளகாய் நாக்கில் தொடுவது, சூட்டையும் வலியையும் உணரும் நரம்பை. மிளகாயின் காரப்பொருளை வைத்து அந்த உணர்வியைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸுக்கு 2021-ல் நோபல் பரிசு கிடைத்தது.

மூக்கு: மூக்கைப் பொத்திக்கொண்டு கருப்பட்டியும் வெல்லமும் தின்னட்டும். இனிப்பு தெரியும், எது எதுவென்று சொல்லத் திணறுவார்கள். விரலை எடுத்ததும் பளிச்சென்று சொல்லிவிடுவார்கள்! ருசியில் பெரும்பங்கு மணம்தான்.

செவி: சங்கைக் காதில் வைத்தால் கடல் இரைகிறதா? சத்தமான இடத்திலும் அமைதியான அறையிலும் வைத்துப் பார்க்கட்டும். இரைச்சல் மாறும். சுற்றியுள்ள ஓசைதான் சங்குக்குள் எதிரொலிக்கிறது. பிறகு, பிள்ளையின் பின்னால் ஒரு கை தூரத்தில் நில்லுங்கள். ஒரு காதை அவன் மூடிக்கொள்ள, இரண்டு எண்களை முணுமுணுங்கள். திருப்பிச் சொல்கிறானா?

கண்: கரும்பலகையில் சின்னதாக மீன், படகு, சங்கு வரையுங்கள். ஆறு மீட்டர் தள்ளி நின்று, ஒரு கண்ணை அட்டையால் அழுத்தாமல் மறைத்துச் சொல்லட்டும். பிறகு மறு கண்.

எச்சரிக்கை: ஒரே துணியால் எல்லார் கண்ணையும் கட்டாதீர்கள். கண் நோய் இருந்தால் தொற்றும். ஒவ்வாமை உள்ளதா என்று கேட்காமல் எதையும் வாயில் வைக்காதீர்கள்.

இதற்கு மார்க் போடாதீர்கள். யார் எதில் தடுமாறினார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். சளி பிடித்தால் மூக்கும் காதும் மந்தமாகும், எனவே சில நாள் கழித்து மறுபடி பாருங்கள். அப்போதும் தடுமாறினால் டாக்டரிடம் காட்டுங்கள். தோலில் வெளிறிய, உணர்ச்சியற்ற படை இருந்தால் தாமதிக்கவே கூடாது. அது தொழுநோயாக இருந்தாலும் முழுக்கக் குணமாகும், அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம்.

சித்த மருத்துவன் நானே சொல்கிறேன்: காதில் எண்ணெய், கண்ணில் பச்சிலைச் சாறு என்று நீங்களாக விடாதீர்கள்.

அந்தப் பையன் கண்ணாடி போட்டுக்கொண்டு மறுபடி வந்தான். வாசலிலிருந்தே காலண்டர் தேதியைப் படித்தான். உங்கள் வகுப்பில் கடைசி பெஞ்சில் இருக்கும் 'மக்கு'வை நாளைக்கு ஒருமுறை ஆறு மீட்டர் தள்ளி நிறுத்திப் பாருங்களேன்!