மூளையும் மூளைக் கட்டியும் குளுக்கோஸைப் பயன்படுத்தும் முறை

உடலின் எடையில் மூளையின் பங்கு சுமார் 2 சதவிகிதமே. ஆயினும் ஓய்வு நிலையில் உடலுக்குச் செலவாகும் பிராணவாயுவில் ஏறக்குறைய 20 சதவிகிதத்தை அதுவே ஏற்கிறது. அதன் முதன்மையான எரிபொருள் குளுக்கோஸ் என்னும் சர்க்கரையாகும். மூளை இதனைப் பெருமளவில் சேமித்து வைப்பதில்லை. இரத்தமே இடையறாது கொணர்ந்து தருதல் வேண்டும்.

இயல்பான மூளைத் திசுவில் குளுக்கோஸின் பெரும்பகுதி பிராணவாயுவுடன் கூடி, கரியமில வாயுவாகவும் நீராகவும் மாறுகிறது. இதனால் ஒரு குளுக்கோஸ் மூலக்கூறிலிருந்து சுமார் 30 ஏ.டி.பி. என்னும் சக்தி மூலக்கூறுகள் கிடைக்கின்றன. விரைந்து வளரும் கட்டியிலோ, பிராணவாயு இருக்கும்போதும் குளுக்கோஸின் கணிசமான பகுதி லாக்டிக் அமிலமாகி விடுகிறது. இவ்வழியில் கிடைப்பவை 2 ஏ.டி.பி. மட்டுமே. புற்றுத் திசுவின் இவ்வியல்பை ஜெர்மானிய விஞ்ஞானி ஆட்டோ வார்பர்க் 1920-களில் எடுத்துக்காட்டினார். இது வீண் செலவெனத் தோன்றினும், புதிய உயிரணுக்களை அமைப்பதற்கு வேண்டிய மூலப்பொருள்கள் இப்பாதையினின்றே கிளைத்துக் கிடைக்கின்றன. கட்டியும் முழு எரிப்பை அறவே கைவிடுவதில்லை என்பதைப் பிற்கால ஆய்வுகள் காட்டியுள்ளன.

இவ்வேறுபாட்டை உயிருள்ள மனிதரிடத்தே காண்பதற்கு, கதிரியக்கமுள்ள புளோரின்-18 சேர்ந்த குளுக்கோஸ் போன்ற பொருள் ஊசி மூலம் செலுத்தப்படுகிறது. இதன் அரை ஆயுட்காலம் சுமார் 110 நிமிடங்கள். உயிரணு இதனைக் குளுக்கோஸ் போலவே ஏற்கிறது. ஆனால் முதற்படி மாற்றத்திற்குப் பின் இது மேற்செல்ல இயலாது அணுவினுள் தங்கிவிடுகிறது. தங்கிய அளவைப் பாசிட்ரான் படக்கருவி ஒளிப்பொட்டுகளாகக் காட்டும். மனிதருக்கு இம்முறை முதன்முதலில் 1976-இல் அமெரிக்காவில் கையாளப்பட்டது.

இங்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. இயல்பான மூளையின் சாம்பல் நிறப் பகுதியும் குளுக்கோஸை மிகுதியாக ஏற்பதால், படத்தில் அதுவும் ஒளிர்கிறது. ஆகவே அதனருகே உள்ள கட்டி மறைந்துபோகலாம். மெதுவாக வளரும் கட்டி சுற்றுப்புறத்தைவிட மங்கலாகவும் தோன்றலாம். அழற்சியும் வலிப்பும்கூட ஒளியை மிகைப்படுத்தும். எனவே ஒளியின் அளவை மட்டும் கொண்டு முடிவு செய்யாமல், வெண்ணிறப் பகுதியுடனும் மறுபக்க மூளையுடனும் ஒப்பிட்டே கணித்தல் வேண்டும்.

இவ்வொப்பீடு நோயாளிக்கு முக்கியமானது. கதிர்வீச்சுச் சிகிச்சைக்குப் பின் காந்தப் படத்தில் புதிய மாறுதல் தோன்றின், அது மீண்டும் வளரும் கட்டியா, கதிர்வீச்சால் மடிந்த திசுவா என்பதைப் பொறுத்தே அடுத்த சிகிச்சை அமையும். மடிந்த திசு குளுக்கோஸை மிகக் குறைவாகவே ஏற்கும். ஐயம் எஞ்சுமிடத்தில், இயல்பான மூளை குறைவாக ஏற்கும் அமினோ அமிலப் பொருள்களைக் கொண்டும் படம் எடுக்கப்படுகிறது. திசுவை எடுத்து ஆராய்வதே உறுதியான சான்றாகும்.

கட்டியை ஆராய்வதற்கு இயல்பான திசுவும் வேண்டும். பெங்களூரில் நீலசந்திராவுக்கு அணித்தே, ஓசூர்ச் சாலையில் உள்ள நிம்ஹான்ஸ் நிறுவனத்தில் 1995 முதல் மூளைத் திசு வங்கி இயங்கி வருகிறது. இறந்தோரின் குடும்பத்தார் மனமுவந்து அளிக்கும் மூளைகள் அங்கே பாதுகாக்கப்படுகின்றன. இறந்த திசுவில் குளுக்கோஸ் எரிவதை அளத்தல் இயலாது. ஆயினும் அதன் அமைப்பையும் புரதங்களையும் நோயுற்ற திசுவுடன் ஒப்பிட இயலும். நோயை அறிவதற்கு நலமே அளவுகோல் என்பது இதனால் விளங்கும்.