பழைய எஞ்சினில் பெட்ரோல் ஒழுகுதா?

கோவில்பட்டிக் கரிசக்காட்டில் பண்ணைக்குட்டைத் தண்ணியை உளுந்துக்கு இறைக்கப் பழைய பெட்ரோல் எஞ்சின்தான் கைகொடுக்குது. கார்புரேட்டர் ஒழுகினால் காசு மட்டுமா போகுது? மண்ணும் குட்டையும் கெடும். பக்கத்தில் பருத்திமார் கிடந்தால் தீயும் பிடிக்கும்.

கிண்ணம் நிறைஞ்சதும் மிதவை உயர்ந்து, ஊசி பெட்ரோல் வரும் துளையை அடைக்கணும். அடைக்காததுதான் ஒழுகல்.

எஞ்சின் ஆறினதும் டேங்க் திருகை மூடிக் கிண்ணத்தைக் கழற்றுங்க. கிண்ணத்துப் பெட்ரோலை டப்பாவில் பிடிங்க, மண்ணில் ஊற்றாதீங்க.

மிதவையைக் காதோரம் ஆட்டுங்க. சளசளத்தால் ஓட்டை, புதுசு போடுங்க. ஊசிமுனையில் வளையமாகத் தேய்மானம் தெரிந்தால் ஊசியை மாற்றுங்க. துளையில் கரிசல் தூசி இருந்தால் கழுவுங்க. கிண்ணத்துப் பேக்கிங் கிழிஞ்சிருந்தால் அதையும் மாற்றுங்க.

மாட்டித் திருகைத் திறந்து பத்து நிமிஷம் பாருங்க. அடி காய்ந்தே இருந்தால் மட்டும் எஞ்சினைக் கிளப்புங்க.