பழைய ராட்டை வாங்கப் போகிறீர்களா?

1927 நவம்பரில் காந்தி, கையால் நூற்ற நூலில் நெய்யும் கதருக்கு நிதி திரட்ட இலங்கை வந்தபோது பதுளையிலும் பேசினார். ராட்டையில் நூல் நூற்பதை இன்று பொழுதுபோக்காகப் பழக நினைக்கும் ஊவா வாசகர்களுக்குச் சில குறிப்புகள்:

● தேடும் இடம்: பழைய தளபாடக் கடைகளில் சொல்லிவையுங்கள். தமிழகம் போய்வரும் உறவினரிடமும் கேட்கலாம். பெட்டி ராட்டையை மடக்கிப் பயணப் பையிலேயே கொண்டுவரலாம்.

● முதலில் கதிர்: நூலை முறுக்கிச் சுற்றும் கம்பிதான் கதிர். அதைக் கழற்றிக் கண்ணாடி மேல் உருட்டுங்கள். துள்ளினால் வளைந்திருக்கிறது, நூல் அடிக்கடி அறும்.

● சக்கரம்: மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். பக்கவாட்டில் ஆடினால், கதிரைச் சுழற்றும் கயிறு கழன்று விழும். மரத்தில் சிறு துளையும் புது மாவும் தெரிந்தால் உளுத்த மரம், வாங்காதீர்கள். அறுந்த கயிறு குறையல்ல, முறுக்கிய பருத்தி நூலில் புதிது கட்டலாம்.

● எண்ணெய்: தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு போதும். பண்டாரவளை, அப்புத்தளைக் குளிரில் தேங்காயெண்ணெய் உறைந்து சக்கரத்தைப் பிடிக்கும்.

● பஞ்சு: தலையணைக்கு அடைக்கும் இலவம் பஞ்சு வழுக்கும், முறுக்கு நிற்காது. கொட்டை நீக்கிச் சிக்கெடுத்த பருத்தியே வேண்டும்.

● மழைக்காலம்: ஈரத்தில் கயிற்றின் இறுக்கம் மாறும். நூற்று முடித்ததும் தளர்த்திவிடுங்கள். பஞ்சை மூடிய டப்பாவில் வையுங்கள்.

● முடிவில்: நூலைச் சிட்டமாக (வளையமாக)ச் சுற்றி, சிறிது சவர்க்காரம் கலந்த நீரில் கொதிக்கவைத்து உலர்த்துங்கள். முறுக்கு படியும். ஆரம்ப நூல் தடித்தும் மெலிந்தும் வரும். விளக்குத் திரிக்கும் பூச்சரம் கட்டவும் அதுவே போதும்.