மலையகத்திலிருந்து கடலியல் பட்டப்பின்படிப்புக்கு

கடலியலில் பட்டப்பின்படிப்பை நாடும் நுவரெலியா, ஹட்டன் மாணவர் முதற்பட்டத்தைக் கரையோரத்தில்தான் பெறவேண்டும் என்பதில்லை. ரயிலிலேயே சென்றடையக்கூடிய பதுளையில் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் நீர்வளத் தொழில்நுட்பப் பட்டத்தை வழங்குவதோடு, நீரோட்டம், அலை, வெப்பநிலை ஆகியவற்றை ஆராயும் பௌதிகச் சமுத்திரவியலுக்குக் கணிதமும் பௌதிகவியலுமே அடித்தளமாகின்றன. இறுதியாண்டு ஆய்வை, உரிய அனுமதி பெற்று, காசல்ரீ நீர்த்தேக்கத்தில் அமைத்துக்கொள்வது பெரிதும் பயன் தரும். கறுப்பும் வெள்ளையுமாகக் கால்வட்டங்கள் தீட்டிய, 20 சென்ரிமீற்றர் விட்டமுள்ள செக்கித் தட்டைக் கயிற்றில் இறக்கி, அது பார்வைக்கு மறையும் ஆழத்தைக் கொண்டு நீரின் தெளிவைக் கணிப்பதும், ஆழந்தோறும் வெப்பநிலையை அளப்பதும் கடலாய்வுக் கப்பலிலும் செய்யப்படும் பணிகளே. மாத்தறையிலுள்ள ருஹுணு பல்கலைக்கழகத்துக்கோ வேறெங்கோ விண்ணப்பிக்குமுன், தாம் விரும்பும் துறையில் மேற்பார்வையாளர் உள்ளாரா என்பதை, கட்டணத்தை விசாரிப்பதற்கும் முன்பாகவே, எழுதிக் கேட்டறிவது அவசியம்.