வெள்ளைக்கல் நிலத்தில் காற்றும் ஓசையும்

சேலம் நகரின் வடபால், சேர்வராயன் மலையடிவாரத்தில், அகழ்ந்தால் வெண்கல் வெளிப்படும் நிலப்பரப்பு ஒன்று உண்டு. மாக்னசைட் என்று அறிவியலார் குறிக்கும் அக்கனிமத்தை இவ்வட்டார மக்கள் வெள்ளைக்கல் என்பர். எஃகு உலையின் உட்சுவரைக் கடுவெப்பத்தினின்று காக்கும் கற்கள் இதனின்று உருவாகின்றன. தமிழ்நாடு மாக்னசைட் நிறுவனம் 1979ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. இத்தொழில் பல குடும்பங்களுக்குச் சோறிட்டது என்பதை மறுத்தல் நன்றியன்று. ஆயினும், சுரங்கத்தை அடுத்து வாழ்வோரின் மூச்சையும் செவியையும் எண்ணிப்பார்ப்பதும் நம் கடமையே.

காற்று

பாறையில் துளையிடல், வெடிவைத்தல், கல் உடைத்தல், மண்சாலையில் லாரி ஓடல் ஆகிய நான்கும் தூசியை எழுப்புகின்றன. சூளையோ வாயுவையும் சேர்க்கிறது. தூய மாக்னசைட் 100 கிலோவைச் சுட்டால் ஏறத்தாழ 48 கிலோ மக்னீசியம் ஆக்சைடு எஞ்சும். எஞ்சிய 52 கிலோ கரியமில வாயுவாகிக் காற்றில் கலக்கும்.

கண்ணுக்குப் புலனாகும் தூசியினும் புலனாகாத நுண்துகளே கொடியது. அது நுரையீரலின் ஆழம்வரை செல்லவல்லது. 10 மைக்ரான் அளவுக்குட்பட்ட துகள், 24 மணி நேரச் சராசரியில், ஒரு கனமீட்டர் காற்றில் 100 மைக்ரோகிராமைத் தாண்டலாகாது என 2009ஆம் ஆண்டின் தேசியத் தரவரையறை கூறுகிறது.

இச்சராசரி என்னும் சொல்லை ஆராய்வோம். ஓர் ஊரில் பகலில் 8 மணி நேரம் துகள் 210 ஆகவும், மற்ற 16 மணி நேரம் 30 ஆகவும் இருப்பதாகக் கொள்வோம். சராசரி 90; விதி மீறப்படவில்லை. ஆனால் அந்த 8 மணி நேரமே பிள்ளைகள் பள்ளியில் இருக்கும் நேரமாயின், அவர்கள் சுவாசித்தது 90 அன்று, 210 ஆகும்.

ஓசை

ஓசையை டெசிபலால் அளப்பர். 10 டெசிபல் கூடினால் ஒலியாற்றல் 10 மடங்காகும். குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 என்றும், பள்ளி, மருத்துவமனை முதலியவற்றைச் சூழ்ந்த 100 மீட்டர் அமைதிப் பகுதிக்குப் பகலில் 50, இரவில் 40 என்றும் 2000ஆம் ஆண்டின் விதிகள் வரையறுக்கின்றன. இங்கும் சராசரியே கணக்கிடப்படுவதால், ஒரு நொடியில் வீட்டை அதிர வைக்கும் வெடியோசை அவ்வெண்ணில் மறைந்துபோகக் கூடும்.

தமிழ் மாணவர் பணி

நீர் தெளித்தல், ஈரத்துளையிடல், லாரிக்குத் தார்ப்பாய் மூடல், குறித்த பகற்பொழுதில் மட்டும் வெடித்தல், மரவரிசை அமைத்தல் ஆகியவை அறியப்பட்ட தீர்வுகளே. அவற்றை ஊரார் கேட்டுப் பெறும் வாய்ப்பைப் பொதுக் கருத்துக் கேட்பு தருகிறது. 2006ஆம் ஆண்டின் மத்திய அரசு அறிவிக்கையின்படி, இக்கேட்புக்கு உட்படும் திட்டங்களின் ஆய்வறிக்கைச் சுருக்கம் மாநில மொழியிலும் அளிக்கப்பட வேண்டும். மக்களுக்குக் குறைந்தது 30 நாள் அவகாசம் உண்டு.

தமிழில் அச்சிட்டிருப்பினும் விளங்காத அறிக்கை ஊராருக்குப் பயன்படாது. அளவிடும் கருவி எங்கே வைக்கப்பட்டது? எந்த மாதத்தில்? காற்று எத்திசையில் வீசியது? வேலை நடக்கும் நேரத்து அளவு என்ன? இந்நான்கு வினாக்களோடு அச்சுருக்கத்தை ஊர்ப் பெரியவர்களுக்குப் படித்துக் காட்டுதல் தமிழ் பயின்ற நம்மால் இயலும். சேலத்து வெள்ளைக்கல் நிலத்திற்கும் நாமக்கல் வட்டாரத்துக் கல்குவாரிகளுக்கும் இவ்வினாக்கள் ஒருங்கே பொருந்தும். கற்ற மொழி பிறந்த மண்ணுக்குப் பயன்படும் வழிகளுள் இதுவும் ஒன்றாகும்.